மடை மூடிய கை

அந்தத் தடவையும் பொன்சிங் மடையை மூடினான்.

கடல் பால்சட்டிபோல அசையாமல் கிடந்தது. வெயில் வெள்ளையாக இருந்தது. கோபுரச் சன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு படகு, நீலத்தில் வெள்ளைப் பட்டை போட்டது, கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அண்ணன் கனகராஜின் படகு. பொன்சிங் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனுடைய கை எழுந்து நெம்புகோலைக் கீழே இழுத்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கும் யானையைப் போல இரும்புக் கதவு தண்ணீருக்குள் இறங்கியது.

"நீயும் கொஞ்சம் வெளிய நின்னு பாரு" என்றான் பொன்சிங்.

அதோடு வெயில் அணைந்தது. கடல் சுருண்டது. அவன் கண்ணைத் திறந்தபோது மேலே வெள்ளைக் கூரையும், பக்கத்தில் தமயந்தியின் முகமும் இருந்தன.

"அதேதானா மேடம்?"

"அதேதான்" என்றாள் தமயந்தி. "நல்ல செய்திதானே. இன்னும் ஒரே ஒரு கனவு. அதுவும் இப்படியே போச்சுன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம்."

பொன்சிங் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தமயந்தி மதுரைக்காரி. மறுகனவு நிலையத்துக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து பலவிதமான ஆட்களைத் தூங்கவைத்து எழுப்பியிருக்கிறாள். எழுந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அதே மாதிரிதானே செய்தேன்? ஆமாம் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சட்டம் அப்படி. ஒருவன் குற்றம் செய்த நாளைத் திரும்பக் கட்டி, அவனை அதற்குள் பலமுறை அனுப்புவார்கள். எல்லாக் கனவிலும் அதையே செய்தால் அவன் 'வேறு வழியற்றவன்'. தண்டனை கிடையாது. ஒரே ஒரு கனவில் விலகிப் போனாலும் போதும், வழி இருந்திருக்கிறது, அவன் எடுக்கவில்லை என்று ஆகிவிடும். நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்து, என் பிள்ளை ஒரு கனவிலும் நல்லவனாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் தாய்மாரைத் தமயந்தி பார்த்துப் பழகிவிட்டாள்.

பொன்சிங்கை அவளுக்குப் புரியவில்லை. இவனுக்கு மட்டும் விடுதலை பிடிக்கவில்லை.

*

கிருபைக்கரை கடலுக்குக் கீழே இருக்கும் ஊர். கடல் உயர்ந்த பிறகு ஊரைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினார்கள். படகுகள் வந்துபோக மதிலில் ஒரு வழி. அதற்கு ஓர் இரும்பு மடை. மடையைத் தானாக மூடும்படி செய்திருக்கலாம். ஆனால் வெளியே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்துவதா வேண்டாமா என்பதை இயந்திரம் முடிவுசெய்யக் கூடாது, ஒரு மனிதக் கை இருக்கவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள். அந்தக் கை பொன்சிங்குடையது.

சம்பவம் நடந்தது அசனப் பண்டிகை அன்று. ஊர் முழுக்கக் கோயில் வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சமையலைச் சாப்பிடுகிற நாள். கிருபைக்கரை அசனத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனத்தாங்கல் உள்ளவர்களைச் சபை மூப்பர்கள் தேடிப்பிடித்து அடுத்தடுத்து உட்காரவைப்பார்கள். மூத்தவர் தன் இலையிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்து இளையவர் இலையில் வைக்க வேண்டும். இளையவர் அதைத் தின்றுவிட்டால் பழைய பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எத்தனையோ வருஷத்துப் பகையெல்லாம் அந்த ஒரு துண்டில் கரைந்திருக்கிறது.

அண்ணன் தம்பிக்கு இடையிலிருந்த மனத்தாங்கல் அம்மாவின் சவப்பெட்டி. அம்மா இறந்தபோது பொன்சிங் வெளியூரில் இருந்தான். மழையில் பாலம் அறுந்து பேருந்து நின்றுவிட, அவன் சேற்றில் நடந்து வந்து சேர்ந்த நேரத்தில் கல்லறையில் கடைசி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை மூடச் சொன்னது கனகராஜ். உடல் இனிமேல் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னதால் சொன்னான். அது பொன்சிங்குக்குத் தெரியும். தெரிந்தும், அண்ணன் கொஞ்சம் காத்திருந்தால் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன் என்பது அவனுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

அசனத்தில் கனகராஜ் ஒரு துண்டை எடுத்துத் தம்பி இலையில் வைத்தான். நல்ல துண்டு, எலும்போடு. பொன்சிங் அதையே பார்த்தான். அப்போது நெற்றியில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டதுபோல் இருந்தது, அந்த உச்சி வெயிலில். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இலையைச் சோற்றோடு மடித்துவிட்டு எழுந்து போனான்.

பந்தி முழுக்கப் பார்த்தது. கனகராஜும் சாப்பிட முடியாமல் எழுந்து படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். சாயங்காலத்துக்கு முன்பே திரும்பி வந்தான். பொன்சிங் கோபுரத்திலிருந்து பார்த்தான். கதவை இறக்கினான்.

கொல்ல நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் காக்க வைக்க நினைத்தான். ஆனால் கதவு தரையைத் தொட்ட சிறிது நேரத்துக்குள், காற்றும் மழையும் இல்லாமல் திருட்டுத்தனமாக எழும் அந்தப் பேரலை எழுந்தது. கரைக்காரர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மதில் முழுக்க அதிர்ந்தது. மடை மட்டும் திறந்திருந்தால் அசனப் பந்தியில் இருந்த அத்தனை பேரும் போயிருப்பார்கள். ஊர் பிழைத்தது. கனகராஜின் படகின் ஒரு பலகை மறுநாள் ஒதுங்கியது.

பொன்சிங்குக்கு மாலை போட்டார்கள். சொந்த அண்ணனையே பார்க்காமல் ஊரைக் காத்தவன் என்றார்கள். நான் அலையைப் பார்க்கவே இல்லை, கோபத்தில்தான் மூடினேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். துக்கத்தில் உளறுகிறான் என்று தட்டிக்கொடுத்தார்கள். ஸ்தோத்திர ஆராதனையில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். கடைசியில் அவனே நீதிமன்றத்துக்கு எழுதிப்போட்டு மறுகனவு கேட்டு வந்தான். வந்த இடத்திலும் கனவுகள் அவனை நிரபராதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன.

*

கடைசிக் கனவுக்கு முன் அவனைப் பார்க்கக் குருவானவர் ஞானாபரணம் வந்திருந்தார். வெள்ளை அங்கி மழையில் பாதி நனைந்திருந்தது. நிலையத்தின் கருவிகளைச் சந்தேகமாகப் பார்த்தார். நடந்ததையே திருப்பிப் போட்டுக் காட்டுகிற சினிமாவா இது என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்றாள் தமயந்தி. "அந்த நாளோட கடல், வெயில், ஆட்கள் எல்லாத்தையும் திரும்பக் கட்டுறோம். உள்ள போறவருக்கு அப்புறம் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. அன்னைக்கு இருந்த அதே ஆளா இருப்பார். ஆனா அவர் கையை யாரும் பிடிச்சு இழுக்கல. வேற எது வேணா செய்யலாம்."

"செய்யலாம். ஆனா செய்ய மாட்டேங்கான்."

"ஆமா."

"எங்க பொழப்பும் இதாம்மா" என்றார் குருவானவர். "இதுக்குக் கருவி கண்டுபிடிப்பாகன்னு நெனைக்கல."

பொன்சிங் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததையே மறுபடியும் கேட்டான். அன்றைக்கு மடை மூடவேண்டும் என்பது கடவுளின் சித்தம் என்று ஐயா பிரசங்கம் செய்தது சரிதானா என்றான். சரிதான் என்றார் அவர். ஊரைக் காத்தவர் கடவுள்தான். அப்படியென்றால் என் கோபமும் அவர் சித்தமா என்றான் பொன்சிங். குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊர் பொழைச்சது அவரால. ஒன் கோவம் ஒன்னால. ரெண்டும் ஒரே கையில எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, பொன்சிங்கு. அந்த எடம் வந்தா பிரசங்கத்துல கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிப் பேசித் தாண்டிருவேன்."

பொன்சிங் சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் சிரித்துத் தமயந்தி பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குள் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் என்னை விட்டுருதிய, ஐயா. நீங்க கடவுள் செஞ்சாருங்கிய. இந்த மேடம் வேற வழியில்லங்காவ. நான் செய்யலன்னா நான் யார்ட்ட போய் மன்னிப்பு கேக்க? பாவமே இல்லேன்னா மன்னிப்பு எங்கயிருந்து வரும்?"

அப்போதுதான் கதவருகில் ஒரு பெண் நின்றிருப்பதைத் தமயந்தி கவனித்தாள். வெளிர்நிறச் சேலை, கையில் குடை. கனகராஜின் மனைவி எப்சிபா. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசிக் கனவின்போது இறந்தவரின் வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. கொழுந்தனோடு அவள் அந்த நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"மைனி" என்று எழுந்தான் பொன்சிங்.

எப்சிபா அவனைப் பார்க்கவில்லை. தமயந்தியிடம், கனவை எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டாள். கோபுரத்திலிருந்து, படகு கண்ணில் பட்டதிலிருந்து என்றாள் தமயந்தி. குற்றம் நடந்த இடம் அதுதான்.

"அங்க ஆரம்பிச்சா மூடத்தான் செய்வான்" என்றாள் எப்சிபா. "இலையை மடிச்சிட்டு வந்தவன் வேற என்ன செய்வான்? பந்தியில இருந்து ஆரம்பிங்க."

அப்படிச் செய்ய வீட்டார் கேட்டால் இடமுண்டு. யாரும் கேட்டதில்லை. தமயந்தி பொன்சிங்கைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே படுத்துக் கண்ணை மூடியிருந்தான்.

*

மணலில் பாய் விரித்திருந்தது. பந்தல் துணி வழியே இறங்கிய வெயில் மஞ்சளாகி, எல்லோர் முகத்திலும் தேன் தடவியதுபோல் இருந்தது. பேச்சுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மெதுவாக வந்தது. இலைகள். ஆவி பறக்கும் சோறு. பக்கத்தில் அண்ணன், வேட்டியை மடித்துக்கொண்டு சிரமப்பட்டுச் சம்மணம் போட்டான். முழங்கால் வலி அவனுக்கு.

அண்ணனின் கை நீண்டது. துண்டு இலையில் விழுந்தது.

பொன்சிங் அதைப் பார்த்தான். அம்மாவின் பெட்டி ஞாபகம் வந்தது. சேறு ஞாபகம் வந்தது. வேர்த்தது. கை இலையின் ஓரத்துக்குப் போனது. மடிக்கப்போகும் சமயத்தில் நெற்றியில் குளிர்ச்சியாக ஏதோ படிந்தது. காற்றா, நிழலா, தெரியவில்லை. அது போகாமல் அப்படியே இருந்தது. அவனும் அப்படியே இருந்தான். ஒரு காகம் பந்தலைத் தாண்டிப் போக எடுத்துக்கொள்ளும் நேரம். பிறகு கை இலையின் ஓரத்தைவிட்டு நடுவுக்கு வந்தது. துண்டை எடுத்தான். தின்றான்.

"காரம் தூக்கலு, என்னல?" என்றான் கனகராஜ்.

"உப்புதான் கொறவு."

"அம்மா இருந்தா வாளியோட சமையக்காரன் தலையில கவுத்திருப்பா."

இருவரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பழைய பேச்சு அங்கே முடிந்துபோனது.

கை கழுவிவிட்டுக் கனகராஜ் தம்பியோடு கோபுரத்துக்கு வந்தான். படியேறும்போது மூச்சு வாங்கியது. பாதியில் நின்று, உனக்கு இந்த உத்தியோகம் கொடுத்தது என்னைக் கொல்லத்தான் என்று திட்டினான். மேலே சன்னலருகில் நின்றபோது அவன் பேச்சு நின்றது. கடற்காரன் கண். தூரத்தில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. பறவைகள் ஒன்றுகூட இல்லை.

"ஏல, மூடு. கடல் சரியில்ல."

வெளியே ஒரு படகும் இல்லை. நெம்புகோலில் இரண்டு கைகள் இருந்தன. கதவு இறங்கியது. அலை வந்து மதிலில் மோதி, நுரையாகி, வெள்ளைப் பூவாகக் கோபுரத்தின் மேல் விழுந்தது. கீழே கோயிலில் யாரோ மணியடித்தார்கள். ஊர் அப்படியே இருந்தது. நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு கனகராஜ் சொன்னான்: "வீட்டுக்கு வா. மைனி காத்துட்டு இருப்பா."

*

பொன்சிங் விழித்தபோது திரையில் அந்த வெள்ளை நுரை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. குருவானவர் சுவரில் சாய்ந்து நின்றார். எப்சிபா கட்டிலருகில் நாற்காலியில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனின் குரலைக் கேட்டவளாகத் தெரியவில்லை. முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

தமயந்தி மெதுவாக விளக்கினாள். இது கருவி கட்டிய உலகம். நிஜத்தில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சட்டத்துக்கு இது போதும். வழி இருந்திருக்கிறது. பதிவை அனுப்பினால் சிறை. வீட்டார் கேட்டதால் செய்த கனவு, அதனால் வீட்டார் வேண்டாம் என்றால் அனுப்பாமல் விடலாம். எப்சிபாதான் சொல்லவேண்டும்.

பொன்சிங் மைனியைப் பார்த்தான். பயந்தவனைப் போல.

"அனுப்புங்க" என்றாள் எப்சிபா. பிறகு முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? ஊரைக் காக்கக் கடவுளுக்கு ஒன் கோவம் தேவையாயிருக்கல. அது இல்லாமலும் மடை மூடத் தெரிஞ்சிருக்கு அவருக்கு. அவிய சாவு ஒன் கையால வந்தது. நீ செஞ்சது பாவம், பொன்சிங்கு."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வலியில் அழுகிறானா ஆறுதலில் அழுகிறானா என்று தமயந்தியால் சொல்ல முடியவில்லை. ஊரே மறுத்த ஒன்றை அவனிடம் ஒருத்தி கொடுத்துவிட்டாள்.

"மைனி, என்னை மன்னிப்பியளா?"

"இன்னைக்கு முடியாது" என்றாள் எப்சிபா. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஆனா இன்னைக்குத்தான் மன்னிக்கதுக்குன்னு ஒண்ணு என் கையில இருக்கு. இது வரைக்கும் வெறுங்கையா இருந்தேன்."

தீர்ப்பு வந்தது. சிறைக்குப் பதிலாகத் தண்டனைக் காலத்தைக் கனவிலேயே கழிக்கலாம் என்ற சலுகையையும் நீதிமன்றம் கொடுத்தது. துண்டைத் தின்ற அந்தக் கனவுக்குள்ளேயே, அண்ணன் உயிரோடு இருக்கும் ஊரில் இருக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் கேட்பார்கள். பொன்சிங் வேண்டாம் என்றான். அங்கே என்னை மன்னிக்க வேண்டியவர்கள் யாரும் இல்லையே என்றான்.

*

அடுத்த அசனம் நெருங்கும் நாட்களில், பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தும்போது தமயந்தி அதைப் பார்த்தாள்.

அவளுக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல். கனவுக்குள் எதுவுமே மாறவில்லை. அதே வெயில், அதே துண்டு, அதே ஆள். அப்படியிருக்க அந்த ஒரு தடவை மட்டும் கை ஏன் இலையின் நடுவுக்கு வந்தது? கனவின் பதிவில் காரணம் கிடைக்காமல், அறையின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். அதில் அவள் கனவுத் திரையிலேயே கண்ணாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து எப்சிபா சாய்ந்து, தூங்குகிறவனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். துண்டு விழுந்ததிலிருந்து அவன் அதைத் தின்னும் வரைக்கும் கை அங்கேயே இருந்தது.

வெளியிலிருந்து ஒரு விரல் பட்டாலும் கனவு செல்லாது. அப்படியானால் தீர்ப்பும் செல்லாது.

தமயந்தி முதலில் எப்சிபாவிடம் போனாள். அவள் மறைக்கவில்லை. பச்சைப்பிள்ளை மாதிரி வேர்த்துக் கிடந்தான், காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன் என்றாள். அப்போதே மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, "மன்னிச்சேன்னு யாரு சொன்னா? கை போச்சு, வச்சேன்" என்று விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டாள்.

பிறகு சிறைக்குப் போனாள். அன்று கிருபைக்கரையில் அசனம். பார்வையாளர் அறையில் பொன்சிங்கின் முன்னால் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. ஊரிலிருந்து யார் மூலமாகவோ வந்தது. திறந்திருந்தது. உள்ளே வாழையிலை நறுக்கில் சோறும், அதன்மேல் எலும்போடு ஒரு துண்டும் இருந்தன. யார் வீட்டுச் சட்டி என்று தமயந்தி கேட்கவில்லை. மூடியில் எப்சிபா பெயர் பொறித்திருந்தது.

பதிவில் பார்த்ததைச் சொன்னாள். மேல்முறையீடு செய்தால் நாளைக்கே வெளியே வரலாம் என்றாள். அந்தக் கை இல்லாதிருந்தால் அவன் இலையை மடித்துத்தான் இருப்பான். அதனால் அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை என்றுதான் சட்டம் சொல்லும்.

பொன்சிங் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சன்னல் வழியே வந்த வெயில் சட்டியின் விளிம்பில் ஊர்ந்தது.

"மைனி கையா அது?" என்றான். "கனவுல குளிர்ச்சியா இருந்துச்சு. நான் காத்துன்னு நெனச்சேன்."

"ஆமா. அது இல்லேன்னா நீங்க தின்னிருக்க மாட்டீங்க. நிஜத்துல அன்னைக்கு உங்க நெத்தியில யாரும் கை வைக்கலயே. அதான் நான் சொல்றது."

பொன்சிங் தலையசைத்தான். மறுத்தான் என்று தமயந்திக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. அவன் துண்டை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு மென்றான். விழுங்கிய பிறகு சொன்னான்.

"அன்னைக்கும் பட்டுச்சு, மேடம். அதே குளிர்ச்சி. நான்தான் தொடைச்சிட்டு எந்திரிச்சேன்."